தோமவோயின் மூன்றாம் சனிக்கிழமை

மே 4, ஞாயிறு

வீடு மாறியாயிற்று. மகாராஜநகரில் இரண்டு படுக்கையறை வீடு. தண்ணீர் வருகிறதோ இல்லையோ, திரும்பிய பக்கமெல்லாம் குழாய். காலையிலேயே சண்டை. பால் காய்ச்சாமல் ஒரு சாமான்கூட உள்ளே வரக் கூடாது என்று வாசலில் கையை விரித்து நிற்கிறார் என் வீட்டுக்காரர் சங்கரலிங்கம். பள்ளிக்கூடத்தில் உடற்கல்வி ஆசிரியர். ஊர்ப் பிள்ளைகளை எல்லாம் விசில் ஊதி ஓட வைக்கிற மனுஷன், பஞ்சாங்கத்தைக் கண்டால் மட்டும் அட்டென்ஷனில் நின்றுவிடுவார்.

“ஒம்பது மணிக்குள்ள பால் பொங்கிரணும் ஆவுடை. பெறவு நல்ல நேரம் கெடையாது.”

“ஏழு வருஷமா மூடநம்பிக்கையப் பத்தி ஆராய்ச்சி பண்ணுதேன். என் வீட்டுலயே இந்தக் கூத்தா?”

“நீ பண்ணுதது ரஷ்யாக்காரன் மூடநம்பிக்க. இது நம்ம மூடநம்பிக்க. ரெண்டையும் போட்டு ஏன் கொழப்புத?”

பாலைக் காய்ச்சினேன். அது பொங்கி அடுப்பெல்லாம் வழிந்ததைத் துடைத்ததும் நான்தான்.

இந்த நாட்குறிப்பை மறுபடி தொடங்கக் காரணம் ஆய்வேடு. தலைப்பு ‘ரஷ்ய நாட்டார் கதைகள் காட்டும் மக்கள் நம்பிக்கைகள்’. நான் ரஷ்யாவுக்குப் போனதில்லை. அஞ்சல் வழியில் ஒரு சான்றிதழ்ப் படிப்பு, ஒரு தடித்த அகராதி, ஆங்கிலத்தில் வந்த கதைத் தொகுதிகள், இவ்வளவுதான் என் ரஷ்யா. கதை பொய், அதற்குள் இருக்கிற பயம் நிஜம். அந்தப் பயத்தைத் தனியே பிரித்து எடுத்துப் பெயர் வைப்பதுதான் என் வேலை. முந்நூறு பக்கம் எழுதி முடித்துவிட்டேன். என் நெறியாளர் ஒரு கையெழுத்துப் போட்டால் போதும். ஜூன் 30-க்குள் பல்கலைக்கழகத்தில் கொடுக்காவிட்டால் என் பதிவு ரத்து. ஏற்கெனவே நீட்டிப்பு வாங்கியாயிற்று, இனிமேல் தர மாட்டார்கள். ஏழு வருஷமும் போச்சு.

சாமான் இறக்கும் முன் பக்கத்து வீட்டுப் பூனையைப் பிடித்து முதலில் உள்ளே விட்டேன். ரஷ்யாவில் புது வீட்டுக்குள் பூனைதான் முதலில் நுழையும். இது நம்பிக்கை அல்ல, கள ஆய்வு. கையில் நன்றாகப் பிறாண்டிவிட்டது சனியன்.

மே 6, செவ்வாய்

அவருடைய பழைய கான்வாஸ் ஷூவில் இடது கால் ஷூவைக் காணோமாம். வீடு மாறினால் நாலு சாமான் தொலையத்தான் செய்யும். என்னைக் கேட்டால்?

மே 20, செவ்வாய்

நெறியாளர் வீட்டுக்குப் போனேன். பேராசிரியர் மெய்யரசு. ஓய்வுக்கு இன்னும் ஒரு வருஷம் இருக்கிறது. மூடநம்பிக்கைக்கு எதிராக இவர் பேசாத மேடை மாவட்டத்தில் இல்லை. எலுமிச்சம்பழத்தைக் காலால் மிதித்துக் காட்டுவதற்கென்றே கூட்டத்துக்குப் பையில் ஒன்று கொண்டு போவார்.

வாசலில் நின்றபடியே ஆய்வேட்டுக் கட்டை வாங்கக் கை நீட்டினார். நான் கொடுக்கவில்லை. உள்ளே வந்துதான் கொடுத்தேன். வாசற்படிக்கு மேலாகக் கை மாற்றினால் சண்டை வரும் என்பது ரஷ்ய மக்களின் எண்ணம். நான் உள்ளே வந்தது வெயிலுக்காக.

பேனாவைத் திறந்தார். அப்படியே நாட்காட்டியைப் பார்த்தார். பேனாவை மூடினார்.

“இன்னைக்கு அஷ்டமியாம்மா?”

“ஐயா, நீங்களா?”

“எனக்கு இதுல எள்ளளவும் நம்பிக்கை கெடையாது, உங்களுக்கே தெரியும். ஆனா உங்க வாழ்க்கைப் பிரச்சினை பாருங்க. எதுக்கு வம்பு? வச்சிட்டுப் போங்க.”

வைத்துவிட்டு வந்தேன்.

மே 21, புதன்

நவமி.

மே 29, வியாழன்

இடையில் மூன்று தடவை போய் வந்தேன். ஒரு நாள் அக்கினி நட்சத்திரம் முடியட்டும் என்றார். ஒரு நாள் பகுத்தறிவு மாநாட்டுக்காகத் திருச்சி போய்விட்டார். நேற்று முன்தினம் அமாவாசை, நிறைந்த நாள்தானே ஐயா என்று நானே எடுத்துக் கொடுத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். “அமாவாசை கடை தொறக்கதுக்குத்தான் நல்லதும்மா. கையெழுத்துக்கு அப்படி யாரும் சொல்லலையே” என்றார்.

கடைசியாகக் குளித்துவிட்டு வரும்போது ஒரு துண்டு சோப்பைக் குளியலறை மாடத்தில் விட்டு வந்தேன். ரஷ்யாவில் கடைசிக் குளியல் மனுஷனுக்குக் கிடையாது, குளியலறைக் காவல்காரருக்கு. அவர் எடுத்துப் போட்டுவிட்டார். குளியலறைக்காரர் இல்லை, என் வீட்டுக்காரர்.

ஜூன் 4, புதன்

நெறியாளர் ஊரில் இல்லை. அவர் மனைவி பூரணவல்லி அக்கா மோர் கொடுத்தார். என் ஆய்வேடு எங்கே என்று கேட்டேன். ஸ்டோர் ரூமில் காட்டினார். அதன் மேல் அப்பள டின். டின் மேல் வடகப் பை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

“அழாத பிள்ள. அவிய யாரு எழுதுனதையும் முழுசா படிக்க மாட்டாவ. அவிய பேரு எந்தப் பக்கத்துல இருக்கோ அந்தப் பக்கத்த மட்டும் தேடித் தேடிப் படிப்பாவ. பெறவு அதையே எங்கிட்டயும் ரெண்டு தரம் வாசிச்சிக் காட்டுவாவ.”

அக்காவுக்கு முப்பது வருஷ அனுபவம். நான் மோரைக் குடித்து முடித்தேன்.

ஜூன் 7, சனி

இன்று செய்ததை எழுதலாமா வேண்டாமா என்று காலையிலிருந்து யோசனை. எழுதுகிறேன். என்னைத் தவிர யார் படிக்கப் போகிறார்கள்?

நான்காம் அத்தியாயம் தோமவோயைப் பற்றியது. தோமவோய் ரஷ்ய வீட்டுக் காவல் பூதம். குட்டையான தாடிக்காரர், அடுப்புக்குப் பின்னால் குடியிருப்பார். வீடு மாறும்போது பழைய செருப்பைக் காட்டி, ‘தாத்தா, ஏறிக்கோ, புது வீட்டுக்குப் போவோம்’ என்று கூப்பிட்டுக் கூட்டிப் போக வேண்டும். கூப்பிடாவிட்டால் பழைய வீட்டிலேயே உட்கார்ந்து அழுவாராம். கோபம் வந்தால் தூங்குகிறவர் நெஞ்சில் ஏறி உட்காருவார். அப்போது பயப்படாமல் ‘நல்லதுக்கா, கெட்டதுக்கா?’ என்று அவரிடம் கேட்க வேண்டும். இதுவரைக்கும் கதைகளில் உள்ளது. அடிக்குறிப்போடு எழுதியிருக்கிறேன்.

நூற்றுப் பதினெட்டாம் பக்கத்தில் இன்று நானாகச் சேர்த்தது இது:

‘பிறர் உழைப்பைத் தம் வீட்டில் முடக்கி வைத்திருப்பவரின் நெஞ்சில், மூன்றாம் சனிக்கிழமை கழிந்தபின் தோமவோய் ஏறி அமரும் என்பது வடரஷ்யச் சிற்றூர் மக்களின் உறுதியான நம்பிக்கையாகும். நுட்பமான இச்செய்தியைச் சுட்டிக்காட்டியவர் பேராசிரியர் மெய்யரசு அவர்கள்.’

வடரஷ்யாவில் அப்படி ஒரு நம்பிக்கை இல்லை. எனக்குத் தெரிந்து எந்த ரஷ்யாவிலும் இல்லை. பாளையங்கோட்டை மகாராஜநகரில் இன்று காலை பதினொரு மணிக்கு, குக்கர் விசிலுக்குக் காத்திருந்த நேரத்தில் பிறந்தது. என் கட்டு அந்த வீட்டில் கிடக்க ஆரம்பித்து இன்றோடு மூன்றாவது சனிக்கிழமை.

ஜூன் 9, திங்கள்

எழுத்துப்பிழை திருத்த வேண்டும் என்று சொல்லிக் கட்டை வாங்கினேன். ஸ்பைரல் போட்ட படிதான், ஒரு தாளை உருவி இன்னொன்றைச் செருக இரண்டு நிமிஷம். ‘தங்கள் பெயர் வரும் இடம்’ என்று மஞ்சள் சீட்டு ஒட்டி அவர் மேஜையிலேயே வைத்துவிட்டு வந்தேன். திரும்பிப் பார்த்தபோது கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

வழியில் கத்தரிக்காய் வாங்கினேன். பாதி சொத்தை.

ஜூன் 12, வியாழன்

பூரணவல்லி அக்கா போன்.

“ஏ பிள்ள, என்னத்த எழுதிக் குடுத்த? மூணு நாளா இவியளுக்குத் தூக்கம் இல்ல. நெஞ்சுல யாரோ உக்காந்திருக்காம்.”

“டாக்டர்ட்ட போனியளாக்கா?”

“போனோம். ஈசிஜி நல்லாத்தான் இருக்கு, கேஸ்னு சொல்லி மாத்திர குடுத்தாரு. இவிய கேக்கல. திடுக்குனு எந்திச்சி, ‘நல்லதுக்கா, கெட்டதுக்கா?’ன்னு இருட்டப் பாத்துக் கேக்காவ. நான் சொன்னேன், ரெண்டுக்கும் இல்ல, சாயங்காலம் தின்ன நாலு பரோட்டாவுக்குன்னு.”

சிரிப்பை அடக்கப் போனைத் தூரப் பிடித்துக்கொண்டேன். நாளைக்குக் கையெழுத்து நிச்சயம். வந்ததும் என் வீட்டுக்காரருக்குப் பால் பாயசம் வைத்துத் தர வேண்டும்.

ஜூன் 13, வெள்ளி

பாயசம் இல்லை. நான் ஒரு முட்டாள்.

காலையில் நெறியாளரே போனில் கூப்பிட்டார். குரல் கம்மியிருந்தது.

“அந்த நூத்திப் பதினெட்டாம் பக்கம்... நான் சுட்டிக்காட்டுனேன்னு போட்டிருக்கீங்க. எப்ப சொன்னேன்?”

“பயிலரங்குலய்யா. சாப்பாட்டுக்கு முந்தி.”

“சொல்லியிருப்பேன், சொல்லியிருப்பேன்” என்றார். “ஆய்வு நோக்குல கேக்கேன். இதுக்குப் பரிகாரம்னு எதுவும் வச்சிருக்காங்களா அவங்க?”

உழைப்பை உரியவரிடம் திருப்பிக் கொடுப்பதுதான் பரிகாரம் என்று சொல்ல வேண்டும். சொன்னேன். “அது சரி. அது இல்லாம வேற?” என்றார். அங்கேயாவது வாயை மூடியிருக்க வேண்டாமா? பரிகாரம் என்று ஒருத்தர் கேட்டால் இல்லை என்று சொல்ல நம் நாக்குக்கு வராது. பரிகாரம் இல்லாத தோஷத்தை இந்தப் பக்கத்தில் யார் மதிக்கிறார்கள்? “பழைய செருப்பு ஒண்ணுல வெண்ணெய் போட்ட கஞ்சி வச்சு அடுப்புக்குப் பின்னால...” என்று என் வாய் அதுபாட்டுக்குச் சொல்லிவிட்டது.

“வெண்பொங்கல் வைக்கலாமா?”

“வைக்கலாம்யா.”

ஜூன் 16, திங்கள்

அக்கா போன். பொங்கல் வைத்த அன்றே நெஞ்சு லேசாகிவிட்டதாம். இப்போது தினமும் வைக்கிறார்களாம். ரஷ்யாக்காரருக்குக் காரம் ஒத்துக்கொள்ளாது என்று மிளகைப் பொறுக்கி எடுத்துவிட்டு வைக்கச் சொல்கிறாராம்.

“தொட்டுக்க என்ன வைக்கணும்னு உங்கிட்டக் கேக்கச் சொன்னாவ. சாம்பாரா, சட்னியா?”

“எதுவும் வேண்டாம்க்கா.”

“நல்லது. எனக்கு ஒரு வேல மிச்சம்.”

ஜூன் 21, சனி

நேரில் போனேன். மாப்பிள்ளை மாதிரி இருக்கிறார். முகத்தில் அப்படி ஒரு தெளிவு. கட்டு மறுபடி ஸ்டோர் ரூமுக்குப் போய்விட்டது. அடுப்புக்குப் பின்னால் பழைய செருப்பில் பொங்கல், முந்திரியோடு. என் ஆய்வேட்டுக்குக் கிடைக்காத மரியாதை.

“தேய்பிறை போகட்டும்மா. முப்பதாம் தேதி வரைக்கும் நேரம் இருக்குல்ல?”

பஸ் ஸ்டாண்டில் நின்று அழுதேன். வெட்கமில்லாமல் அழுதேன். கையெழுத்துப் போட வைக்க ஒரு பூதத்தை உண்டாக்கினேன். பூதத்துக்குச் சோறு போட்டுவிட்டு அவர் நிம்மதியாகத் தூங்குகிறார், எனக்குத்தான் தூக்கம் இல்லை. கொய்யாப்பழக்காரி பரிதாபப்பட்டு ஒரு பழம் சும்மா கொடுத்தாள்.

ஜூன் 26, வியாழன்

வளர்பிறை வந்துவிட்டது. அவருக்குச் சந்திராஷ்டமமாம். ஞாயிறு ஆகிவிடுமாம். ஞாயிறு என்றால் இருபத்தொன்பது. மறுநாள் கடைசி நாள்.

இவரிடம் சொன்னேன். “நான் வந்து ரெண்டு வார்த்த கேக்கவா?” என்று சட்டையை மாட்டினார். வேண்டாம் என்று பிடித்து உட்கார வைத்தேன். உடற்கல்வி ஆசிரியர் கேட்டால் வாயால் மட்டும் கேட்பார் என்று சொல்ல முடியாது.

ஜூன் 28, சனி

மானத்தை விட்டு பூரணவல்லி அக்காவிடம் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பக்கம் நூற்றுப் பதினெட்டு, என் கைவேலை என்று. அக்கா மிளகு பொறுக்கிக்கொண்டே கேட்டார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

“எனக்கு அன்னைக்கே தெரியும். ரஷ்யாவுல இருக்கவனுக்கு நம்ம சனிக்கெழம எப்படித் தெரியும்? அத விடு. உன் பூதத்துக்குப் பொண்டாட்டி பிள்ள உண்டுமா?”

“உண்டுக்கா. அது நெசமாவே கதையில இருக்கு.”

“அப்பச் சரி” என்று எழுந்து கையை உதறினார். “செருப்புல பொங்கல் வைக்கதுக்கா எங்கப்பா என்னைய இவியளுக்குக் கட்டிக் குடுத்தாவ? நீ வீட்டுக்குப் போ. திங்கக்கெழம காலையில வா.”

ஜூன் 30, திங்கள்

கையெழுத்து வாங்கியாயிற்று! கொடுத்தாயிற்று! ரசீது கையில்! பால் பாயசம் அடுப்பில்!

நடந்தது இதுதான். நேற்றுக் காலை அக்கா அடுப்பங்கரையிலிருந்து வெளியே வந்து, “பின்னால பொம்பளச் சத்தமும் கேக்கு, பிள்ளச் சத்தமும் கேக்கு. குடும்பத்தோட வந்திருக்காவ போல. ஒரு செருப்பு காணாது. உங்க புதுத் தோல் செருப்புச் சோடியத் தாங்க, பொங்கல் வைக்கணும்” என்றிருக்கிறார். மாநாட்டுக்கென்று போன மாசம் வாங்கிய செருப்பு அது. இன்னும் மண்ணில் படவில்லை. அரை மணி நேரம் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தவர், அப்பள டின்னை இறக்கி வைத்துவிட்டு என் கட்டை வெளியே எடுத்தாராம்.

ஆனாலும் நேரம் பார்க்காமல் விடவில்லை. நான் போனது எட்டு மணிக்கு. ஒன்பதுக்கு ராகு காலம் முடிகிற வரை மூவரும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தோம். ஒன்பது அடித்ததும் பேனாவை எடுத்து, சான்றிதழ்த் தாளின் தலையில் மெல்லிசாக ஒரு ‘உ’ போட்டார். நான் பார்த்ததை அவர் பார்த்துவிட்டார்.

“பேனா எழுதுதான்னு பார்த்தேன்” என்றார்.

எழுதியது.

ஜூலை 9, புதன்

சிலிண்டருக்குப் பின்னால் ஒரே எறும்பு. நெய் வாசனைக்கு வந்திருக்கும். அங்கே நெய் எப்படி வந்தது என்பதை எழுத இப்போது நேரமில்லை, நான் பாடம் நடத்தும் கல்லூரிக்குக் கிளம்ப வேண்டும்.

செப்டம்பர் 12, வெள்ளி

வெளித் தேர்வாளரின் அறிக்கை அதற்குள் வந்துவிட்டதாம். சென்னையில் இருக்கும் முனைவர் ரகோத்தமன். ஒவ்வோர் ஆய்வேட்டையும் இரண்டு வருஷம் ஊறப்போடுகிறவர் என்று பேர் வாங்கியவர். என்னுடையதை இரண்டரை வாரத்தில் திருப்பிவிட்டார். துறையில் எல்லாரும் என்னைச் சந்தேகமாகப் பார்க்கிறார்கள். நான் யாரையும் பிடிக்கவில்லை, சத்தியமாக.

விசாரித்தேன். அவர் ரஷ்யாவில் படித்தவராம். மாஸ்கோவில் ஆறு வருஷம். நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். தட்டை மூடி வைத்துவிட்டு நூற்றுப் பதினெட்டாம் பக்கத்தை எடுத்து மறுபடி படித்தேன்.

நவம்பர் 13, வியாழன்

நாளை வாய்மொழித் தேர்வு. நூற்றுப் பதினெட்டைப் பற்றிக் கேட்டால் உண்மையைச் சொல்லிவிடப் போகிறேன். பட்டம் போனாலும் போகட்டும். இல்லாத நம்பிக்கையை ஒரு ஜனத்தின் தலையில் கட்டியிருக்கிறேன். அந்த ஊர்க்காரர் ஒருத்தர் இதைப் படித்தால் என்ன நினைப்பார்? வெளியே நின்று பார்த்துவிட்டு நம்மைப் பற்றி வெள்ளைக்காரன் எழுதியதற்கெல்லாம் கோபப்பட்டவள் நான்.

பட்டம் போகக் கூடாது. அதையும் எழுதி வைக்கிறேன். போகவே கூடாது.

இவர் என் பட்டுப் புடவையை இஸ்திரி போட்டு வைத்திருக்கிறார்.

நவம்பர் 14, வெள்ளி

கிளம்பும்போது பர்சை மறந்துவிட்டேன். எடுக்கத் திரும்பி வந்தபோது கண்ணாடியில் ஒரு தரம் முகத்தைப் பார்த்துக்கொண்டேன். பாதியில் திரும்பினால் கண்ணாடி பார்த்துவிட்டுப் போக வேண்டும் என்பது ரஷ்யாவில் உள்ள வழக்கம். பொட்டு சரியாக இருக்கிறதா என்றும் பார்த்தேன்.

துறைக் கூடம் நிறைந்திருந்தது. போண்டா டீ உண்டு என்று அறிவித்திருந்தார்கள். ரகோத்தமன் நல்ல உயரம், மெல்லிய குரல். தடித்த கண்ணாடிக்குப் பின்னால் கண் மட்டும் அலைந்துகொண்டே இருந்தது. இரண்டு மூன்று கேள்வி சாதாரணமாகக் கேட்டார். பிறகு பக்கத்தைப் புரட்டினார்.

“பக்கம் நூத்திப் பதினெட்டு. மூன்றாம் சனிக்கிழமை. இதுக்கு மூல ஆதாரம் என்னம்மா?”

எழுந்தேன். “ஐயா, அந்தச் செய்தி... அதை நான்...”

“நான் சொன்னது!” என்று மெய்யரசு எழுந்துவிட்டார். “பல்லாண்டு கால வாசிப்புல எனக்குக் கெடைச்சது. பயிலரங்குலேயே சொன்னேன். சும்மா ஏட்டுச் செய்தி இல்ல ஐயா, எங்க வீட்டுலயே...” என்று நெஞ்சைத் தடவியவர், சட்டென்று கையைக் கீழே போட்டார்.

ரகோத்தமன் கண்ணாடியைக் கழற்றினார். இதோ, முடிந்தது என்று நினைத்தேன்.

“நான் மாஸ்கோவுல ஆறு வருஷம் இருந்தவன்” என்றார். “அங்க எனக்குத் தெரியாத ரஷ்ய நம்பிக்கை இருக்க முடியாது.” நிறுத்தினார். எல்லாரும் அவர் முகத்தையே பார்த்தோம். தெரியாது என்று அவர் சொல்ல வேண்டிய இடம் அது. “இத நான் அங்கேயே கேட்டிருக்கேன். நான் வாடகைக்கு இருந்த வீட்டுக்காரம்மா சொல்லுவாங்க. சனிக்கிழமையேதான். இத்தனை வருஷம் கழிச்சு ஆய்வுல பாக்கறப்போ சந்தோஷமா இருக்கு. இந்த ஆய்வேட்ட மூணாவது சனிக்கிழமை வர்றதுக்கு முன்னாடி, வெள்ளிக்கிழமையே தபால்ல சேர்த்துட்டேன்னா பாத்துக்கோங்களேன்.”

கைதட்டல். பின் வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து, இதற்குப் பரிகாரம் உண்டா என்று கேட்டார்.

“பக்வீட்னு ஒரு தானியம், அதுல கஞ்சி வைப்பாங்க” என்றார் ரகோத்தமன்.

“வெண்பொங்கலே போதும்” என்றார் மெய்யரசு. “மிளகு மட்டும் கூடாது.”

நான் இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தேன். வாய் திறந்தபடியே இருந்தது. இப்போது சொன்னால் பொய் சொன்னவள் நான் ஒருத்தி இல்லை, மூன்று பேர். மூடிக்கொண்டு உட்கார்ந்தேன். வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாக நிம்மதியாக இருந்தது. முனைவர் ஆவுடைநாயகி என்று சொன்னபோது கடைசி வரிசையில் இவர் விசில் அடித்தார். கூடத்துக்குள் விசில் அடித்தால் வீட்டில் செல்வம் தங்காது என்று அங்கே சொல்வார்கள். அடித்துவிட்டுப் போகட்டும்.

டிசம்பர் 5, வெள்ளி

பல்கலைக்கழகத்தில் ஒரு புதுப் பழக்கம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆனால் நெறியாளர்கள் எல்லாம் குனிந்து கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். வருஷக்கணக்காகக் கிடந்த ஆய்வேடுகள் வெளியே வருகின்றன. கேட்டால் யாருக்கும் நம்பிக்கை கிடையாது. எல்லாரும் ஒரே பதில்தான் சொல்கிறார்கள்: எதுக்கு வம்பு?

இத்தனை நாள் கோரிக்கை வைத்து, கூட்டம் போட்டு நடக்காதது இது. சந்தோஷப்படுவதா என்று தெரியவில்லை.

கல்லூரியில் என் மேஜையிலும் முதுகலை மாணவர்களின் திட்ட அறிக்கைகள் வந்து கிடக்கின்றன. போன திங்கட்கிழமை வீட்டுக்குக் கொண்டு வந்தேன். மெதுவாகப் பார்க்கலாம்.

டிசம்பர் 18, வியாழன்

இரண்டு நாளாக நெஞ்சு கனமாக இருக்கிறது. வாழைக்காய் பஜ்ஜி சாப்பிட்டிருக்கக் கூடாது.

அறிக்கைகளை இன்னும் பிரிக்கவில்லை. அதில் ஒரு பிள்ளைக்கு வேலைக்கு அது வேண்டுமாம், இரண்டு தடவை போன் பண்ணிவிட்டாள். சொந்தமாக என் மூளையில் பிறந்த ஒன்றுக்கு நானே பயப்படுவேனா? பிறந்த தேதி, நேரம், குக்கர் விசில் எல்லாம் இதே நாட்குறிப்பில் இருக்கிறது. எடுத்துப் படித்தேன். படித்தபின் இன்னும் கொஞ்சம் கனத்தது.

டிசம்பர் 20, சனி

காலையில் கேஸ் தீர்ந்துவிட்டது. புது சிலிண்டரை மாற்ற இவர் பழையதை உருட்டினார். நான் ஓடி வருவதற்குள் குனிந்து எதையோ எடுத்துவிட்டார்.

“ஏ ஆவுடை. இது என் ஷூலா?”

“ஆமா.”

“மே மாசத்துலருந்து தேடுதேன். உள்ள என்னது இது?”

“பொங்கல்.”

“நேத்து வச்சதா?”

“இன்னைக்குக் காலையில.”

ஒப்பீட்டு நோக்கில் ஒரு சோதனை என்று சொல்லத் தொடங்கினேன். கையைக் காட்டி நிறுத்தச் சொல்லிவிட்டு உள்ளே போனார். கோபித்துக்கொண்டார் என்றுதான் நினைத்தேன். பால் காய்ச்சின அன்றைக்கு நான் பேசிய பேச்செல்லாம் வட்டியோடு வரப்போகிறது என்று அடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கட்டிலுக்கு அடியிலிருந்து வலது கால் ஷூவை எடுத்து வந்தார். எட்டு மாசமாக ஒற்றை ஷூவைத் தூர எறியாமல் துடைத்து வைத்திருந்திருக்கிறார். இரண்டையும் சோடியாகச் சுவரோரம் வைத்தார். தள்ளி நின்று, அணிவகுப்பில் பிள்ளைகளை நிறுத்துகிற மாதிரி நேராக இருக்கிறதா என்று பார்த்தார்.

“ஒத்தக் கால்ல அவரு எத்தன நாளு நிப்பாரு? இதுலயும் கொஞ்சம் வையி” என்றார். “எதுக்கு வம்பு?”

வைத்தேன். பிறகு அறிக்கைகளை எல்லாம் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவை வீட்டுக்கு வந்து இன்றோடு மூன்றாவது சனிக்கிழமை. மதியச் சோறு இவர்தான் வடித்தார். ஒவ்வொன்றையும் படித்து, குறிப்பு எழுதி, விளக்கேற்றுவதற்குள் எல்லாவற்றிலும் கையெழுத்துப் போட்டு முடித்துவிட்டேன். அந்தப் பிள்ளையை வரச் சொல்லிப் போன் பண்ணினேன். நெஞ்சு லேசாக இருக்கிறது. பஜ்ஜி செரித்திருக்கும்.

முதல் அறிக்கையின் தலையில் மெல்லிசாக ஒரு ‘உ’ போட்டேன். பேனா எழுதுகிறதா என்று பார்க்கத்தான்.